காலநிலைச் செய்திகளில் ‘பாதுகாப்பு’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்தி வாசிப்பவர்கள், எழுதுபவர்கள், ஊடகவியல் படிப்பவர்கள் ஆகியோரிடமிருந்து அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் சிரியா பற்றிய பதிலை மட்டும் விட்டுவிட வேண்டாம். மற்ற பல பதில்களுக்கு அதுதான் அடிப்படை.

காலநிலை மாற்றத்தைப் ‘பாதுகாப்புக் கோணத்தில்’ எழுதுவது என்றால் என்ன?

ஒரு வறட்சியை எடுத்துக்கொள்வோம். ‘மழை பொய்த்தது, விளைச்சல் பாதியாகக் குறைந்தது’ என்று தலைப்பிட்டால் அது வேளாண் செய்தி. ‘குடிநீருக்காக 5 கி.மீ. நடக்கும் பெண்கள்’ என்றால் மக்கள் நலச் செய்தி. ‘வறட்சியால் எல்லையில் பதற்றம், ராணுவம் உஷார்’ என்றால் பாதுகாப்புச் செய்தி. மூன்றிலும் வறட்சி ஒன்றுதான். ஆனால் யாரிடம் கருத்துக் கேட்பது, எந்தப் படத்தைப் போடுவது, எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதெல்லாம் தலைப்போடு சேர்ந்தே மாறிவிடும்.

ஊடகவியலில் இதைச் சட்டகம் என்கிறார்கள். ஒரு சட்டகம் நான்கு வேலைகளைச் செய்கிறது என்று ராபர்ட் என்ட்மன் 1993-இல் வகுத்தார்: சிக்கல் எது என்று சொல்வது, காரணம் யார் அல்லது எது என்று காட்டுவது, சரி தவறு என்று எடைபோடுவது, தீர்வை முன்வைப்பது. பாதுகாப்புச் சட்டகத்தில் நான்காவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செய்தியின் கடைசிப் பத்தியில் வேலி, ரோந்து, அவசர நிதி, கூடுதல் படை ஆகியவை மட்டும் தீர்வாக நின்றால், கிணறு, விதை, காப்பீடு, உமிழ்வுக் குறைப்பு எல்லாம் எங்கே உதிர்ந்தன என்று மேலே போய்த் தேடலாம்.

இந்தப் பேச்சு எப்போது தொடங்கியது?

பலர் நினைப்பதைவிடப் பழையது. 1988 ஜூனில் டொராண்டோவில் நடந்த வளிமண்டல மாநாட்டின் தலைப்பிலேயே உலகப் பாதுகாப்பு என்ற சொல் இருந்தது. வளிமண்டல மாற்றத்தின் விளைவுகள் அணுப்போருக்கு மட்டுமே இரண்டாவதாக இருக்கலாம் என்று அதன் அறிக்கை சொன்னது. செய்தி அறைகளில் அது பெரிதாக வேரூன்றியது 2007-இல். அந்த ஏப்ரலில் ஓய்வுபெற்ற 11 அமெரிக்கத் தளபதிகளின் குழு, காலநிலை மாற்றத்தை ‘அச்சுறுத்தல் பெருக்கி’ என்று அழைத்தது. ஏப்ரல் 17 அன்று, பிரிட்டன் தலைமையில், ஐ.நா. பாதுகாப்பு அவை முதல்முறையாக இதை விவாதித்தது. ஜூனில் ஐ.நா. பொதுச் செயலர் பான் கி மூன், சூடானின் டார்ஃபூர் பகுதியில் நடந்த மோதலின் வேர்களில் ஒன்றாகக் காலநிலையைக் காட்டி நாளிதழ்க் கட்டுரை எழுதினார். அக்டோபரில் ஐபிசிசி எனப்படும் பன்னாட்டு அரசுகளின் காலநிலைக் குழுவுக்கும் அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவியல் பரிசு இல்லை, அமைதிப் பரிசு. ஒரே ஆண்டில் இத்தனையும் வந்தபின் ராணுவ நிருபர்களும் வெளியுறவு நிருபர்களும் காலநிலையை எழுதத் தொடங்கியதில் வியப்பில்லை.

‘அச்சுறுத்தல் பெருக்கி’ என்பதற்குச் சரியான பொருள் என்ன?

பெருக்கலுக்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். ஏற்கெனவே இருக்கும் சிக்கலை (நிலத் தகராறு, செயலிழந்த நிர்வாகம், இனப் பாகுபாடு) வெப்பமும் வறட்சியும் பெரிதாக்கும் என்பதே அந்தச் சொல்லின் பொருள். செய்தியாகும்போது பெருக்கியை மட்டும் வைத்துக்கொண்டு, பெருக்கப்படும் எண்ணை விட்டுவிடுகிறார்கள். ‘வெப்பம் உயர்ந்தது, மோதல் வெடித்தது’ என்று இரண்டே கண்ணிகளில் கதை முடிந்துவிடுகிறது. நடுவில் இருந்த அரசும் சந்தையும் சட்டமும் காணாமல் போய்விடுகின்றன. அதனால் ஆதாயம் யாருக்கு என்று கேட்டால், பெரும்பாலும் அந்த அரசுக்குத்தான்.

காலநிலை மாற்றம் போரை உண்டாக்குகிறதா, இல்லையா?

ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைத் தலைப்பாக்கினால் தவறாகத்தான் முடியும். 2013-இல் சயின்ஸ் இதழில் சியாங், பர்க், மிகெல் ஆகியோர் 60 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். வெப்பமோ மழையோ வழக்கத்திலிருந்து ஒரு திட்ட விலக்கம் (வழக்கமான ஏற்ற இறக்கத்தை அளக்கும் புள்ளியியல் அலகு) அளவு பிறழும்போது, குழுக்களுக்கிடையிலான மோதல் சுமார் 14 விழுக்காடும் தனிமனித வன்முறை சுமார் 4 விழுக்காடும் கூடுவதாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே ஹால்வார்டு பூஹாக் உள்ளிட்டோர், தேர்ந்தெடுத்த ஆய்வுகளும் அவற்றைச் சேர்த்த முறையும் அந்த முடிவைத் தாங்காது என்று மறுத்தார்கள். 2019-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை வேறு வழியை எடுத்தது: கருத்து வேறுபாடுள்ள 11 வல்லுநர்களிடம் தனித்தனியாக மதிப்பீடு கேட்டது. கடந்த நூற்றாண்டின் உள்நாட்டு ஆயுத மோதல் அபாயத்தில் 3 முதல் 20 விழுக்காடு வரை காலநிலையின் தாக்கம் இருந்திருக்கும் என்றது அவர்களின் கணிப்பு. வளர்ச்சிக் குறைவு, அரசின் திறனின்மை, குழுக்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு, அண்மைக்கால வன்முறை வரலாறு ஆகியவற்றுக்கு அதைவிடக் கூடுதல் எடை கிடைத்தது. அதே நேரம், வெப்பம் 4 பாகை (டிகிரி) செல்சியஸ் உயர்ந்தால் மோதல் அபாயம் கணிசமாகக் கூடுவதற்கு 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்றும் சொன்னார்கள்.

2022-இல் வந்த ஐபிசிசி அறிக்கையும், மற்ற சமூக, பொருளாதாரக் காரணங்களோடு ஒப்பிட்டால் மோதலில் காலநிலையின் பங்கு ஒப்பளவில் வலுக்குறைந்தது என்றே மதிப்பிட்டது. பங்கு உண்டு, முதன்மைப் பங்கு இல்லை, வெப்பம் ஏற ஏற அது கூடலாம். இவை மூன்றும் ஒரே செய்தியில் இடம்பெற வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்தத் துறையில் ஆய்வுகள் எங்கே குவிகின்றன என்று 2018-இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் ஒரு குழு எண்ணிப் பார்த்தது. ஏற்கெனவே மோதல் நடக்கும் நாடுகளும், ஆய்வாளர் எளிதாகச் சென்றுவரக்கூடிய நாடுகளும் அளவுக்கு மீறி இடம்பெற்றிருந்தன. தெருவிளக்கு வெளிச்சத்தில் மட்டும் சாவியைத் தேடுவது போன்றது இது. வறட்சி வந்தும் மோதல் வராத ஊர்களுக்கு ஆய்வாளரும் போவதில்லை, நிருபரும் போவதில்லை.

சிரியப் போருக்கு வறட்சிதான் காரணம் என்று எங்கும் படிக்கிறோமே?

இந்தச் சட்டகத்தின் மிகப் பிரபலமான கதை இது. சங்கிலி இப்படிப் போகும்: புவி வெப்பமடைந்தது, 2006-07 முதல் கடும் வறட்சி, 15 லட்சம் உழவர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள், நகரங்கள் கொதித்தன, 2011-இல் கிளர்ச்சி, பிறகு போர், பிறகு ஐரோப்பாவில் அகதிகள். ஒவ்வொரு கண்ணியையும் தனியாக இழுத்துப் பார்க்க வேண்டும்.

வறட்சி நடந்தது, கடுமையாகவே இருந்தது. அத்தகைய வறட்சிக்கான வாய்ப்பை மனிதச் செயல்பாடு இரண்டு முதல் மூன்று மடங்கு கூட்டியது என்று கெல்லி குழுவின் 2015 ஆய்வு சொன்னது. முதல் கண்ணி ஓரளவு உறுதி, விவாதம் இருந்தாலும்.

இரண்டாவது கண்ணியில்தான் ஓட்டை. 15 லட்சம் என்ற எண்ணை 2017-இல் செல்பி, டாஹி, ஃப்ரோலிக், ஹியூம் ஆகிய நால்வரும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதற்குத் திடமான அடிப்படை கிடைக்கவில்லை. வறட்சியால் ‘பாதிக்கப்பட்டவர்கள்’ என்ற பெரிய எண்ணும் ‘இடம்பெயர்ந்தவர்கள்’ என்ற மிகச் சிறிய எண்ணும் வழியில் எங்கோ கலந்துவிட்டன. மேற்கோள் மேற்கோளைப் பெற்றது, எண்ணும் உண்மை போலத் தோற்றம் கொண்டது.

மூன்றாவது, வறட்சியால் நொறுங்கியது வடகிழக்கு. 2011 மார்ச்சில் கிளர்ச்சி வெடித்தது தென்மேற்கில் உள்ள தாராவில், சுவரில் அரசுக்கு எதிராக எழுதிய சிறுவர்களைப் பிடித்து வதைத்ததற்கு எதிராக. இடையில் என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது: 2008 மே மாதத்தில் டீசல் மானியம் வெட்டப்பட்டது, நிலத்தடி நீரை இறைத்து வளர்த்த வேளாண்மைக்கு அது பேரிடி, அடுத்த ஆண்டு உர மானியமும் போனது. பருத்தியும் கோதுமையும் பயிரிடப் பல பத்தாண்டுகள் அரசே ஊக்கம் கொடுத்து நீர்மட்டத்தை இறக்கியிருந்தது. அதே வறட்சி ஈராக்கையும் தொட்டது. ‘வறட்சி, ஆகவே போர்’ என்ற செய்தி இந்த முடிவுகளையெல்லாம் எடுத்தவர்களின் பெயரை அழித்துவிடுகிறது.

அப்படியானால் வறட்சியைச் செய்தியில் குறிப்பிடவே கூடாதா? குறிப்பிடலாம். ‘மானியம் வெட்டப்பட்ட நேரத்தில் வந்த வறட்சி, வடகிழக்கு உழவர்களின் கடைசிப் பிடிமானத்தையும் பறித்தது’ என்று எழுதினால் ஆதாரம் தாங்கும்.

ஆப்பிரிக்காவின் சாட் ஏரி 90 விழுக்காடு சுருங்கியதால்தான் போகோ ஹராம் என்ற ஆயுதக் குழு வளர்ந்தது என்பது?

பாதி உண்மை, அதுவும் தேதி போடாத பாதி. 1960-களில் ஏரியின் பரப்பு சுமார் 25,000 சதுர கி.மீ. 1970, 80-களின் வறட்சியில் அதில் பெரும்பகுதி மறைந்தது. இன்றும் தொடர்ந்து சுருங்கிவருகிறது என்று எழுதுவதுதான் பிழை. அதன்பின் நீர் ஓரளவு திரும்பியிருக்கிறது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் ஏரி சுருங்கவில்லை என்று 2019-இல் வந்த விரிவான மதிப்பீடு ஒன்று காட்டியது. போகோ ஹராமின் ஆயுதக் கிளர்ச்சி 2009-இல் தொடங்கியது. ஆக, சுருங்கிய காலமும் வன்முறை வெடித்த காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. இரண்டு செயற்கைக்கோள் படங்களை, 1963-ஐயும் 1980-களின் கடைசியையும், அருகருகே போட்டு ‘அன்றும் இன்றும்’ என்று குறிப்பெழுதுவது இந்தப் பிழையின் வழக்கமான வடிவம்.

ஏரிக்கரை மக்களுக்கு வேறொரு சேதமும் நேர்ந்தது. கிளர்ச்சிக்காரர்களுக்குப் பணம் போகக்கூடாது என்று நைஜரின் டிஃபா பகுதியில் 2015 முதல் மீன் வணிகத்துக்கும் மிளகாய் வணிகத்துக்கும் தடை விழுந்தது. பிழைப்பைப் பறித்தது ஏரியா, பாதுகாப்பு நடவடிக்கையா? இந்தக் கேள்வியைக் கேட்க அந்தச் சட்டகத்துக்குள் இடமில்லை.

‘அடுத்த உலகப் போர் தண்ணீருக்காக’ என்ற தலைப்பு சரியா?

நாடுகளுக்கிடையே என்றால் சான்று எதிர்த்திசையில் இருக்கிறது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத் தரவுத்தளம் 1948 முதல் 1999 வரை எல்லை கடந்த நதிகள் தொடர்பாக 1,831 நிகழ்வுகளைப் பதிவு செய்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஒத்துழைப்பு. வன்முறையில் முடிந்தவை 37; அதில் 30 இஸ்ரேலுக்கும் அண்டை நாடுகளுக்கும் இடையில். 1960-இன் சிந்து நதி ஒப்பந்தம் 1965, 1971, 1999 போர்களைத் தாண்டி நின்றது. 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்ததற்குச் சொன்ன காரணமும் பயங்கரவாதத் தாக்குதல்தான், நீர்ப் பற்றாக்குறை இல்லை. ஒரு நாட்டுக்குள், ஒரு கால்வாயின் தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையில் நடக்கும் அடிதடி வேறு கணக்கு. அது அடிக்கடி நடக்கிறது, செய்தியாவது குறைவு.

‘காலநிலை அகதிகள்’ எத்தனை கோடி?

முதலில் சொல். 1951 அகதிகள் உடன்படிக்கை, இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியவரைத்தான் அகதி என்கிறது. கடல் ஏறியதால் ஊரை விட்டவருக்கு அந்தச் சட்டத் தகுதி கிடைப்பதில்லை. கிரிபாட்டி நாட்டின் டெய்டியோட்டா வழக்கில் ஐ.நா. மனித உரிமைக் குழுவின் முடிவு 2020 ஜனவரியில் வெளியானபோது, ‘காலநிலை அகதிகளைத் திருப்பி அனுப்ப முடியாது’ என்ற தொனியில் பல தலைப்புகள் வந்தன. உண்மையில் அவர் வழக்கில் தோற்றார். உயிருக்கே ஆபத்தான நிலை வந்தால் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையை மட்டும் குழு ஏற்றது.

பிறகு எண். 2010-க்குள் 5 கோடி சூழல் அகதிகள் என்று காட்டிய வரைபடம் ஒன்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் இணையதளத்தில் இருந்தது. காலம் வந்தது, அகதிகள் வரவில்லை; 2011-இல் படம் நீக்கப்பட்டது. காலநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் அதை இன்றும் காட்டுகிறார்கள்.

இப்போது அதிகம் புழங்குவது உலக வங்கியின் 21.6 கோடி. 2021 அறிக்கையின் அந்த எண்ணோடு நான்கு விவரங்கள் ஒட்டிப் பிறந்தவை: 2050-க்குள், ஆறு பகுதிகளில், மிக மோசமான நிலைமையில், எல்லாரும் தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்பவர்கள். உமிழ்வைக் குறைத்து வளர்ச்சியைப் பரவலாக்கினால் 4.4 கோடியாகக் குறையலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பணக்கார நாட்டின் எல்லை வேலிப் படத்தைப் போட்டால், வாசகர் மனதில் 21.6 கோடிப் பேரும் அந்த வேலிக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். வரியில் பொய் ஏதும் இருக்காது.

தமிழில் எழுதும்போது தனியாக வரும் சிக்கல் என்ன?

‘பாதுகாப்பு’ என்ற சொல்லே. பாதுகாப்பு அமைச்சர், சாலைப் பாதுகாப்பு, உணவுப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, குழந்தைகள் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்களாக வருபவை தமிழ் மேசையில் ஒன்றாகிவிடுகின்றன. ‘காலநிலைப் பாதுகாப்பு’ என்று மட்டும் எழுதினால், காலநிலையைக் காப்பதா, காலநிலையிடமிருந்து மக்களைக் காப்பதா, நாட்டு எல்லையைக் காப்பதா என்று வாசகருக்குத் தெரியாது. ‘எதிலிருந்து யாருக்கு’ என்று இரண்டு சொல் கூடுதலாகப் போடுவதே வழி.

இரண்டாவது, ‘அபாயம்’. மூல அறிக்கையில் ‘குறைந்த வாய்ப்பு’, ‘நடுத்தர நம்பகம்’ என்று அளந்து சொன்னதெல்லாம் தலைப்பில் ‘மூழ்கும் அபாயம்’ ஆகிவிடுகிறது. 5 விழுக்காடும் அபாயம், 95 விழுக்காடும் அபாயம். ‘-லாம்’, ‘-கூடும்’ என்ற விகுதிகளை இடமில்லை என்று வெட்டும் உதவி ஆசிரியர், வெட்டுவது நிகழ்தகவை.

மூன்றாவது, ‘படையெடுப்பு’. கோடை வந்தால் சுற்றுலாப் பயணிகளைக்கூட மலைக்குப் படையெடுக்க வைப்பது நம் பத்திரிகை வழக்கம். அங்கே அது வெறும் சிரிப்பு. வீடிழந்தவர்களைப் பற்றி எழுதும்போது அதே சொல் அவர்களை எதிரிப் படையாக்கிவிடுகிறது. ‘இயற்கையின் சீற்றம்’ எதிர்முனையில் நின்று இதே வேலையைச் செய்கிறது: உமிழ்ந்தவரும் வடிகாலை அடைத்தவரும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் மறைந்துகொள்ளலாம்.

அப்படியென்றால் பாதுகாப்புச் சட்டகமே தவறா?

இல்லை. யாருடைய பாதுகாப்பு என்பதைப் பொறுத்தது. 1994-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித வளர்ச்சி அறிக்கை, பாதுகாப்பு என்பது எல்லையைப் பற்றியது மட்டும் இல்லை, மனிதரின் உணவு, நலம், வாழ்விடம் பற்றியது என்று வரையறுத்தது. 2018-இல் பசிபிக் தீவு நாடுகள் போயே பிரகடனத்தில், தங்கள் மக்களின் வாழ்வாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் நலவாழ்வுக்கும் தனிப்பெரும் அச்சுறுத்தல் காலநிலை மாற்றமே என்றன. அச்சுறுத்தப்படுபவரே சொல்லும்போது சட்டகம் பொறுப்பை உமிழ்வு நாடுகளின் பக்கம் திருப்புகிறது. பணக்கார நாட்டின் தளபதி சொல்லும்போது, அதே தீவுக்காரர் அச்சுறுத்தலாக மாறிவிடுகிறார். சொல் ஒன்று, திசை நேர் எதிர்.

ஐ.நா. பாதுகாப்பு அவையில் 2021-இல் நடந்தது என்ன?

காலநிலை அபாயத்தை மோதல் தடுப்புப் பணியில் முறையாகச் சேர்க்கும் தீர்மானத்தை அயர்லாந்தும் நைஜரும் கொண்டுவந்தன. 113 நாடுகள் இணைந்து முன்மொழிந்தன. டிசம்பர் 13 வாக்கெடுப்பில் ஆதரவு 12. ரஷ்யாவும் இந்தியாவும் எதிர்த்தன. சீனா விலகி நின்றது. ரஷ்யாவின் மறுப்பாணையால் (வீட்டோ) தீர்மானம் வீழ்ந்தது. பல செய்திகள் இதைக் காலநிலை நடவடிக்கைக்கு எதிரான வாக்கு என்று சுருக்கின. இந்தியா சொன்ன வாதம் வேறு: எல்லா நாடுகளும் அமரும் காலநிலை மாநாட்டு அமைப்பிலிருந்து முடிவை 15 பேர் கொண்ட அவைக்கு நகர்த்தினால், அதிகம் உமிழ்ந்தவர்களின் வரலாற்றுப் பொறுப்பு நழுவிப்போகும் என்பது. அந்த வாதத்தை ஏற்கலாம், மறுக்கலாம். சொல்லாமல் விடுவது செய்தி ஆகாது.

அச்சமூட்டினால்தானே மக்கள் கவனிப்பார்கள்?

கவனிப்பது வேறு, ஏற்பது வேறு. அமெரிக்காவில் ஒரே தகவலைச் சூழல், உடல்நலம், தேசப் பாதுகாப்பு என மூன்று கோணங்களில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வந்தது. உடல்நலக் கோணம் எதிர்காலம் பற்றிய நம்பிக்கை உணர்வைக் கூட்டியது. காலநிலை மாற்றத்தைச் சந்தேகிப்பவர்களிடம் தேசப் பாதுகாப்புக் கோணம் சினத்தைக் கிளப்பியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ராணுவம் சொன்னால் வலதுசாரிகள் கேட்பார்கள் என்ற செய்தி அறை நம்பிக்கை அவ்வளவு உறுதியானதில்லை.

ராணுவ வட்டார மேற்கோள்களைப் பயன்படுத்தும்போது எதைக் கவனிப்பது?

முதலாவது, கற்பனை நிலைமையையும் கணிப்பையும் பிரிப்பது. 2003-இல் பென்டகனுக்காக எழுதப்பட்ட ஓர் அறிக்கை, நினைக்கவே முடியாததை நினைத்துப் பார்க்கும் பயிற்சி என்று தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டது. 2004 பிப்ரவரியில் அது பிரிட்டன் ஞாயிறு இதழ் ஒன்றில் ‘ரகசிய அறிக்கை’யாக வந்தபோது, 2020-க்குள் பிரிட்டன் சைபீரியக் குளிருக்குள் தள்ளப்படும் என்று முன்னறிவிப்பாக மாறியிருந்தது. 2020 வந்து போய்விட்டது.

இரண்டாவது, ராணுவமும் உமிழ்கிறது. 1997 கியோட்டோ ஒப்பந்தத்தில் படைகளின் உமிழ்வில் ஒரு பகுதிக்கு விலக்கு கிடைத்தது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின்கீழ் அதைத் தெரிவிப்பது அவரவர் விருப்பம். உலக உமிழ்வில் சுமார் 5.5 விழுக்காடு படைகளுடையது என்று 2022-இல் ஒரு மதிப்பீடு வந்தது. தரவு மறைந்திருப்பதால் அது தோராயம்தான். தளபதியின் மேற்கோள் இருக்கும் செய்தியில் இந்த ஒரு வரிக்கும் இடம் கொடுக்கலாம்.

மூன்றாவது, ராணுவத்தின் சொல் ஆட்சியோடு மாறும். 2021 அக்டோபரில் அமெரிக்க உளவு அமைப்புகள் காலநிலைக்கென்றே தனி மதிப்பீடு வெளியிட்டன. 2025-இன் ஆண்டு அச்சுறுத்தல் அறிக்கையில் காலநிலை மாற்றம் இடம்பெறவில்லை. இடைப்பட்ட நாலு ஆண்டில் கடல் இறங்கிவிடவில்லை.

செய்தி எழுதுகிறேன். அச்சுக்குப் போகுமுன் என்ன சரிபார்க்க வேண்டும்?

காரணச் சங்கிலியை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு எழுதுங்கள். வெப்பம் முதல் மோதல் வரை நான்கு கண்ணிக்குக் குறைவாக இருந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது அரசின் ஒரு முடிவாக இருக்கும். ஒவ்வொரு அம்புக்கும் தனி ஆதாரம் வேண்டும். முதல் அம்புக்கான ஆய்வைக் காட்டி மூன்றாவது அம்பை நிறுவ முடியாது.

எண்ணை மூல அறிக்கையில் தேடுங்கள், செய்திக் குறிப்பில் இல்லை. எந்த ஆண்டுக்குள், எந்தப் பகுதியில், எந்த நிலைமையில், நாட்டுக்குள்ளா வெளியிலா என்ற நான்கும் எண் வரும் அதே வாக்கியத்திலோ அடுத்ததிலோ இருக்கட்டும். கீழ்ப் பத்தியில் வைத்தால் பக்கம் கட்டும்போது வெட்டுப்படும்.

அதே வறட்சியைச் சந்தித்தும் மோதல் வராத ஓர் அண்டைப் பகுதியைக் கண்டுபிடித்து, அங்கே எது வேறாக இருந்தது என்று கேளுங்கள். பல நேரங்களில் அதுதான் நல்ல செய்தி. மேற்கோள்களை எண்ணிப் பாருங்கள்: மூன்றும் சீருடைக்காரர்களிடமிருந்து வந்திருந்தால், ஒன்றையாவது ஊரை விட்டவரிடமோ நீர்ப் பொறியாளரிடமோ வாங்குங்கள்.

தலைப்பும் படமும் வேறொருவர் கையில் இருக்கும். அதனால் கட்டுரையோடு இரண்டு தலைப்புகளையும் ஒரு படக்குறிப்பையும் நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள்; படம் எடுத்த தேதியையும் சேர்த்து.